சத்துருவைச் சிநேகிக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

பனங்காட்டான்:
ஒன்றரை சென்ட் இடம், நாலு பனை. பெரியப்பா மகனோடு பதினொரு வருஷமாக வழக்கு. எப்படி ஆரம்பித்தது என்பதை விடுங்கள், எல்லா ஊரிலும் நடப்பதுதான். சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். இருப்பது ஒரே சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். அதனால் ஞாயிறு தவறாமல் அவர் முன்வரிசையில், நான் தூண் ஓரத்தில்.

போன மாதம் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற) ஆராதனைக்குத் தாமதமாகப் போனேன். அண்ணனுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. உட்கார்ந்தேன். சமாதானம் கொடுக்கிற நேரம். ஐயர், அதாவது எங்கள் போதகர், கைபிடித்துக் கொடுத்த சமாதான வாழ்த்து வரிசை வரிசையாகக் கைமாறி வருகிறது. அண்ணன் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், வாங்கினேன். அந்தக் கை நடுங்கியது. பதற்றம் இல்லை, நோய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுகிற மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஒருகாலத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்த கை.

பரிதாபம் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது சந்தோஷம். 'கர்த்தர் கேட்டுவிட்டார்' என்றது மனசு. வழக்குப் போட்ட முதல் வருஷம் தினமும் ராத்திரி 109-ஆம் சங்கீதம் வாசித்தவன் நான். சத்துருவைச் சபிக்கிற சங்கீதம் அது. அப்புறம் எழுந்து போய் முழங்கால்படியிட்டு அப்பமும் வாங்கினேன். பக்கத்திலேயே அண்ணன். பாத்திரத்தை ஐயரே அவர் உதட்டில் பிடித்துக் கொடுத்தார். வீட்டில்கூடச் சொல்லவில்லை இதை.

நைட்டூட்டி:
நான் நர்ஸ். என் சத்துரு, சீட்டுப் பிடித்து ஓடியவர். அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிய சீட்டு. ஆறு வருஷம் கழித்துக் காய்ச்சலோடு என் வார்டிலேயே வந்து படுத்தார். மாஸ்க் போட்டிருந்ததால் என்னைத் தெரியவில்லை. "மெதுவா குத்துங்கம்மா" என்றார். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருந்தால் இன்னும் இரண்டு தடவை குத்தியிருக்கலாமே என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிளாஸ்டர் ஒட்டி முடித்ததும், "உங்க கை ராசியான கை, நல்லாயிருப்பீங்க" என்று ஆசீர்வாதம் வேறு. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்வரை பணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது அன்பா, பயமா என்று இன்னும் விளங்கவில்லை.

சூரியன்அஸ்தமிக்குமுன்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். பைக்கை உரசிவிட்டுப் போன ஆளைச் சிக்னல் வரைக்கும் துரத்திப்போய்க் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் எங்கள் பழைய சண்டே ஸ்கூல் வாத்தியார். அவ்வளவுதான்.

ஆனால் பனங்காட்டான் அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் அப்பம் எடுத்திருக்கவே கூடாது. மத்தேயு 5:23, 24 என்ன சொல்கிறது? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது. அண்ணன் பக்கத்திலேயே இருந்தார், நாலு அடிகூட நடக்க வேண்டாம். நான் சொல்கிறபடி செய்து பாருங்கள். ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். நாற்பது நாள் காலையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு உபவாசத்தோடு. சாயங்காலம் காபி வேண்டாம், காபி கோபத்தைக் கிளப்பும். சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு என்கிற ரோமர் 12:20-ஐ மனப்பாடம் செய்யுங்கள். பொங்கலோ கிறிஸ்துமஸோ, பலகாரம் கொடுத்து அனுப்புங்கள், நீங்களே கொண்டுபோனால் இன்னும் நல்லது. வழக்கை வாபஸ் வாங்குங்கள். ஆஸ்திரேலிய மிஷனரியின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் இரண்டு பையன்களையும் உயிரோடு எரித்தார்கள். அவரே மன்னித்துவிட்டார். உங்களுக்கு நாலு பனைமரம்தானே?

நைட்டூட்டி:
பனைமரத்தை எரிந்த பிள்ளைகளோடு நிறுத்துப் பார்க்க எப்படி மனசு வருகிறது? அந்த அம்மா மன்னித்தார், சரி. வழக்கு நின்றதா? எரித்த கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு 2003-இல் மரண தண்டனை, 2005-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2011-இல் உச்ச நீதிமன்றமும் ஆயுளையே உறுதிசெய்தது. மன்னிப்பது வேறு, வாபஸ் வாங்குவது வேறு. முதலில் அந்த வாத்தியாரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா, அதைச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததில் என் சிநேகிதியின் மகன் போய்விட்டான். குண்டோடு வந்தவனும் அதிலேயே செத்துவிட்டான். என் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு நானாவின் (முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) பலசரக்குக் கடை. சின்ன வயதிலிருந்து சாமான் வாங்கும் கடை. எட்டு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை, சுற்றிப்போய் வேறு கடையில் வாங்கினேன்.

ஒருநாள் நல்ல மழை, ஒதுங்க அவர் கடை வாசல்தான் இருந்தது. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு கிலோ மா, ஒரு கிலோ சீனி, தேயிலை எல்லாம் கட்டி மேசையில் வைத்தார். நான் வழக்கமாக வாங்குகிற அளவு, ஒன்றும் பிசகவில்லை. காசு கொடுக்கப் போனபோது கடன் எழுதுகிற கொப்பியைத் திறந்தார். ஏப்ரல் மாசத்துக் கடன் 340 ரூபாய் அப்படியே என் பெயரில் இருந்தது. அந்த எட்டு மாசமும் ஆளனுப்பிக் கேட்கவே இல்லை. "அதுவும் சேர்த்து எடுங்கோ நானா" என்றேன். "மழை விடட்டும் மகள்" என்றார்.

ஆராதனையில் சத்துருவுக்காக ஜெபிக்கச் சொல்லும்போதெல்லாம் இவர் முகத்தை நினைத்துத்தான் ஜெபித்திருக்கிறேன். இவர் எனக்கு என்ன செய்தார்?

பனங்காட்டான்:
காபி விஷயம் சரி தம்பி, பார்க்கிறேன். நாலு அடி நடக்கச் சொன்னதும் சரிதான். ஆனால் எழுந்து போய் நான் என்ன சொல்ல வேண்டும்? "உங்கள் கை நடுங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், மன்னியுங்கள் அண்ணே" என்றா?

14-ஆம் தேதி வாய்தா. காலையில் எங்கள் ஊரிலிருந்து கோர்ட்டு நேரத்துக்குச் சரியாகப் போவது எட்டரை பஸ் ஒன்றுதான். அண்ணனை இப்போது பஸ் படியில் யாராவது கைபிடித்துத்தான் ஏற்ற வேண்டும். போன வாய்தாவுக்கு நான் ஆறு மணி பஸ்ஸிலேயே போய்விட்டேன்.