சாவி கொடுத்தால் ஓடும் ஜெர்மன் தகர டாங்கி, லாரி: மறக்க முடியாதது எது?

தகரடப்பா:
நூரன்பெர்க், செப்டம்பர் ட்ரெம்பெல்மார்க்ட் (பழைய சாமான் சந்தை), சனிக்கிழமை காலை. காமா கம்பெனி டாங்கி, ஓடும்போது பொறி பறக்குமே, அதுதான். ஒரு பக்க ரப்பர் சங்கிலி இற்றுப்போயிருந்தது, மற்றபடி துரு இல்லை. பேரம் படிந்தது. விற்ற பெரியவர் பணத்தை எண்ணிப் பைக்குள் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து சாவியை எடுத்து முறுக்கினார். மேசையில் ஓட விடுவார் என்று பார்த்தால், போட்டிருந்த கோட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி, டாங்கியை உள்ளே வைத்து, தலையையும் உள்ளே விட்டுக்கொண்டார். பொறியை இருட்டில் பார்க்கிறார்! எனக்குக் கிர்ர்ரென்ற சத்தம் மட்டும்தான். அது ஓய்ந்ததும் டாங்கியை என் கையில் கொடுத்தார். சாவி திரும்பவும் அவர் பைக்குள் போய்விட்டது. கேட்டேன். "அது விலைக்கு இல்லை" என்றார்.

பொருந்துகிற சாவி அப்புறம் சுலபமாகக் கிடைத்தது. நாலு வருஷம் ஆகிறது, இன்னும் நான் முறுக்கவில்லை.

பல்சக்கரம்:
முறுக்காததே நல்லது. என் கதை சின்னது. ஹவுஸர் கம்பெனி ராணுவ லாரி. ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சம் இருப்பது தெரியாமல் பிரித்தேன். கட்டைவிரலில் மூன்று தையல். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார், "பொம்மை" என்றேன்.

சரி, தம்பி, கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய் உள்ளே பசையாக இறுகியிருக்கும், அப்படியே முறுக்கினால் பல் உடையும். அதற்காகப் பிரிக்கவும் வேண்டாம். பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகரக் காதுகளை நிமிர்த்தி மடக்க மடக்க உலோகம் தளர்ந்துபோகும், இரண்டாவது மூன்றாவது தடவையில் காது கையோடு வந்துவிடும். இடுக்கு வழியாக லைட்டர் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நன்றாகக் காயவிட்டு, அச்சு முனைகளில் மட்டும் கடிகார எண்ணெய், ஊசி முனையால் ஒரு துளி. தகரத்தில் அச்சடித்த வண்ணத்தில் பெட்ரோல் படுவதற்கு முன்னால் அடிப்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரிட் கூடவே கூடாது. தண்ணீர் துரு. பொறிக் கல் தேய்ந்திருந்தால் சாதாரண லைட்டர் கல்லை அளவுக்கு நறுக்கிப் போடலாம். மேலே புது பெயிண்ட் அடித்தீர்களோ, போச்சு, ஒருவரும் வாங்க மாட்டார்கள். லினியோல், ஹவுஸர் கம்பெனிகளின் சிப்பாய்ப் பொம்மைகள் இருந்தால் கழுவிவிடாதீர்கள். மரத்தூளும் பசையும், உள்ளே கம்பி. ஈரம் பட்டால் கம்பி துருவேறி, ஊதி, கால் வெடிக்கும். அப்புறம் இன்னொன்று, முறுக்க மனமில்லை என்றால் முறுக்குகிறவருக்கு விற்றுவிடுங்கள்.

மழைநாள்:
அண்ணா, தையல் ஒரு வரி, அறிவுரை ஒரு மைல். அவர் விற்பதைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

நான் இருப்பது இங்கிலாந்தில், நார்தாம்டன். ஜெர்மனியில் வாங்கிய டிப்கோ கம்பெனி ராணுவக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் குட்டிக் கொடியில் இருக்கும் நாஜி ஸ்வஸ்திகா மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டித்தான் விற்றார்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு, அந்தச் சின்னத்தை அங்கே வெளியில் காட்ட முடியாது. வீட்டில் ஒரு நாள் முடி உலர்த்தியால் சூடுகாட்டிக் காகிதத்தை உரித்தேன். கார் முழுக்க வெளுத்திருக்க, காகிதத்துக்கு அடியில் அந்தச் சிவப்பு மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தது. வயிற்றைப் பிசைந்தது. காரைத் திருப்பினால் டிப்கோவின் டி.சி.ஓ. முத்திரை. அந்தக் கம்பெனியின் உரிமையாளராக இருந்த பிலிப் உல்மன் யூதர். 1933இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மெட்டாய் பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியது இதே நார்தாம்டனில். இந்தக் கார் அவர் போன பிறகு அங்கே செய்தது.

புதுக் காகிதம் வெட்டி மறுபடியும் ஒட்டிவிட்டேன். பசை வண்ணத்தைத் தின்னும், தெரியும். பல்சக்கரம் அண்ணா திட்ட வேண்டாம்.

பல்சக்கரம்:
திட்டவில்லை. கோதுமை மாவுப் பசை போடுங்கள், ஈரத்துணியில் வந்துவிடும்.

மழைநாள்:
தண்ணீர் துரு என்றீர்களே!

ஓட்டைக்காசு:
தகரடப்பா, அடியில் 'யு.எஸ். ஸோன்' (அமெரிக்கப் படை வசம் இருந்த பகுதி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. சின்ன வயதில் விளையாடியது என்றெல்லாம் சொல்லி விற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கோட்டு நாடகம் எல்லாம் விலைக்குத்தான்.

தகரடப்பா:
இல்லை, வெறும் ஜெர்மனி என்றுதான் இருக்கிறது. அவர் வயதைப் பற்றியோ வருஷத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவே இல்லை. கோட்டுக்குள் தலையை விட்டது பணம் வாங்கிய பிறகு, ஐயா.

பொறிக் கல் பற்றி: இன்னும் பாதி இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.