மறு: கடற்சாமந்திக்கு வேறு சொல்

அன்பர்களே,

ஆங்கிலத்தில் sea anemone (கடல் அனிமோன்) எனப்படும் கடலுயிருக்குத் தமிழில் கடற்சாமந்தி என்ற பெயர் போதுமா என்ற நம் குழுப் பேச்சுக்கு என் மறுமொழி. ஒருவர் எழுதியது:

> ஆங்கிலத்தில் அனிமோன் என்பது ஒரு பூ. நாமும் பூப்பெயரே வைப்போம், கடற்சாமந்தி போதும்.

எனக்குப் போதவில்லை. அனிமோன் பூவைச் சென்னையில் யார் பார்த்தார்கள்? அவர்கள் தோட்டத்துப் பூவை எடுத்துவிட்டுக் கோயம்பேட்டுச் சாமந்தியை வைக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலக்காரர்கள் கடல் வெள்ளரிக்காய் (sea cucumber) என்றதை நம் கடற்கரை கடல் அட்டை என்றது. காயாகப் பார்க்கவில்லை, உயிராகப் பார்த்தது.

போன வாரம் திருவொற்றியூர்த் தூண்டில் வளைவில் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பில்), நீர் வடிந்த நேரம். கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அப்பிய இரண்டு கற்களுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக ஒரு கூழ்க்கட்டி. அலை வந்து குழி நிரம்பியதும் மெல்ல விரிந்தது. விரல் வைத்தேன். வாயைச் சுற்றிய விரல் போன்ற உணர்நீட்சிகள் பசை மாதிரி ஒட்டின, மறுகணம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பசை இல்லை அது; கொட்டும் செல்கள் எய்த நுண்ணிழைகள். விரல்தோல் தடிமன், அதனால் உறைக்கவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவரிடம் பெயர் கேட்டேன். "பேரா? சொறி மாரி இன்னாவோ ஒண்ணு சார்."

விலங்கியல்படியும் அது சரி. ஜெல்லி மீனைத்தானே கடலோரத்தில் சொறி என்கிறார்கள். இரண்டும் குழியுடலிகள் என்ற ஒரே விலங்குத் தொகுதி. ஒன்று குடையாகக் கவிழ்ந்து மிதக்கிறது; இன்னொன்று வாயை மேலே வைத்து அடிவட்டால் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. (தின்பதற்கும் கழிவுக்கும் அந்த ஒரே வாய். சாமந்தி பாவம்.) ஆகவே நான் முன்பே சொன்ன பரிந்துரைதான்: ஒட்டுச்சொறி.

பாறைச்சொறி என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். 1,000-க்கும் மேற்பட்ட இனங்களில் மணலில் புதைந்து வாழ்பவை உண்டு, காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டின் ஓட்டில் ஏறிச் சவாரி போகிறவையும் உண்டு. பவளமும் ஒட்டித்தானே வாழ்கிறது என்பீர்கள். அதற்குப் பெயர் இருக்கிறது.

> சொறி என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

தொட்டால் சொறியவைப்பதைச் சொறி என்பதில் என்ன கூச்சம்?

ஒட்டு என்றால் நகரவே நகராது என்று ஆகிவிடாதா என்று அம்மா ஒருவர் நேற்றுக் கேட்டதுதான் கனமான கேள்வி. அடிவட்டால் ஊர்ந்து மெதுவாக இடம் மாறும், உண்மை. பல்லியும் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது என்பதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.