புதுப்பிப்பு: அப்பாவின் நெஞ்சு இறுக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சிறுவயதில் வந்த காசநோயால் மூச்சுக்குழாய் விரிந்துபோன அப்பாவுக்கு, வெள்ளவத்தை வீட்டு மாடிப்படி ஏறினால் ஏன் நெஞ்சை இறுக்குகிறது என்று. பலர் நுரையீரல்தான் காரணம் என்றீர்கள். பாதி சரி.

அஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் குழாயில் அடைப்பு இல்லை. ஆனால் அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு மெல்லிய கிளை நுரையீரல் பக்கம் போவதைத் திரையில் பார்த்தேன். மண்புழு போல நெளிந்தது.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். மூச்சுக்குழாய்களுக்கென்று தனி நாடிகள், அதாவது இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், உண்டு. வழக்கமாக இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் அவற்றுக்குப் போகும். வருடக்கணக்கான அழற்சியில் அவை பருத்துவிடும். அப்போது, அவற்றுக்கும் இதய நாடிக்கும் இடையில் பிறப்பிலிருந்தே மூடிக் கிடக்கும் இணைப்புகளும் சிலருக்குத் திறந்துகொள்ளும். இதயத்துக்குரிய இரத்தம் அந்த வழியால் போய்விடுகிறது.

இப்போதைக்கு மாத்திரையும் சளி வெளியேற்றும் பயிற்சியும்தான். குறையாவிட்டால் மெல்லிய குழாய் செலுத்தி அந்தக் கிளையை அடைப்பார்களாம். சளியில் இரத்தம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரச் சொன்னார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது மூச்சுக்குழாய் விரிந்த நோய் இருந்தால் இதைக் கவனியுங்கள். அப்பா நேற்று இரண்டு தடவை நின்று நின்று படியேறினார்.