வசதி குறைந்தவர்களுக்குச் சேவை செய்யும் ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி: எதை மேலே போடுறது?

புதுவரவு: அமெரிக்காவில் மூன்று வருஷ ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சிக்கு (டாக்டர் படிப்பு முடிச்சவங்களுக்கான குடும்ப மருத்துவப் பயிற்சி) போறேன். கையில் இருக்கிறது ஒரு டீச்சிங் ஹெல்த் சென்டர் (பயிற்சி தர்ற சமுதாய கிளினிக்), ஒரு கவுன்ட்டி ஆஸ்பத்திரி (மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மாதிரி), ஒரு ரூரல் டிராக் (கிராமப்புறப் பயிற்சி). மூணுமே 'ஏழை மக்களுக்குச் சேவை'ன்னுதான் சொல்லுது. ராங்க் லிஸ்ட்டில், அதாவது நாம கொடுக்கிற விருப்ப வரிசையில், எது முதல்ல?

ஊர்க்குருவி: ஹெல்த் சென்டர்தான். 2010 ஏசிஏ (ஒபாமாகேர்) சட்டத்தில் வந்த திட்டம் அது. பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சமுதாய கிளினிக் பக்கம் வருது, அதனால் வார்டில் ஆள் இல்லைன்னு உங்களை இழுத்துக்க மாட்டாங்க. அங்கே கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது: வறுமைக்கோட்டு அளவுக்குள் இருந்தா முழுச் சலுகை, அதைப்போல ரெண்டு மடங்கு வரை பகுதிச் சலுகை. இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு எந்த இன்சுலின் கட்டுப்படியாகும்னு யோசிச்சு எழுதுற பழக்கம் முதல் வருஷமே வந்துடும்.

கல்தூண்: பணத்தை நீங்களே எடுத்துட்டீங்க, அதனால கேக்குறேன். அந்த நிதியை காங்கிரஸ் அடிக்கடி நீட்டிச்சாதான் உண்டு. நின்னுபோனா மூணாம் வருஷச் சம்பளம் யார் தருவாங்கன்னு இன்டர்வியூவிலேயே கேளுங்க. அடுத்தது பிரசவம். ரெசிடென்சிகளை அங்கீகரிக்கிற ஏசிஜிஎம்இ அமைப்போட 2023 விதிப்படி எல்லாருக்கும் குறைந்தது 20 சுகப்பிரசவம், பின்னாடி தனியா பிரசவம் பார்க்கணும்னா 80. 'வாய்ப்பு உண்டு'ன்னு பிரசுரத்தில் போடுறதுக்கு மதிப்பே இல்லை, போன பேட்ச் ஒவ்வொருத்தரும் எத்தனை பார்த்தாங்கன்னு எண்ணிக்கை வாங்குங்க. ஹெல்த் சென்டர் ரெசிடென்ட் இரவல் ஆஸ்பத்திரியில் நிக்கிறவர், அங்கே இருக்கிற ஓபி (மகப்பேறு) ரெசிடென்ட்டுக்குப் போக மிஞ்சினதுதான் கிடைக்கும்.

ஊர்க்குருவி: பெரிய கவுன்ட்டி ஆஸ்பத்திரியிலும் ஓபி ரெசிடென்சி இருக்கே சார், அங்கே மட்டும் மிஞ்சுமா? அது ஹெல்த் சென்டரோட குறை இல்லை. வேற ரெசிடென்சி இல்லாத இடமான்னு பார்க்கணும், அவ்வளவுதான்.

நீங்க சொல்லாத விஷயம் கன்டினியூட்டி, அதாவது ஒரு நோயாளியை ஒரே டாக்டர் தொடர்ந்து பார்க்கிறது. அதே 2023 விதி, சொந்த கிளினிக் நோயாளிகளோட 1000 மணி நேரம், வருஷத்துக்கு 40 வாரம்னு கேக்குது. வார்டு பாரம் அதிகமான இடத்தில் இதை அரைநாள் அரைநாளா சிதறடிப்பாங்க. ஒரே சர்க்கரை நோயாளி நாலு வருகையில் நாலு முகம் பார்ப்பார். இன்னொண்ணும் கேளுங்க: சீனியர் முடிச்சுப் போகும்போது அவரோட பேனலை (அவர் பொறுப்பில் இருந்த நோயாளிகளை) எப்படிக் கைமாத்துறாங்க? பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை) ரிசல்ட் கோளாறா வந்து, போய்ட்டவரோட இன்பாக்ஸில் கிடக்கும். அதைத் திறக்க ஆள் நியமிச்சிருக்காங்களான்னு கேட்டா, ப்ரோக்ராமோட லட்சணம் தெரிஞ்சிடும்.

கல்தூண்: இன்பாக்ஸ் விஷயம் சரி. ஒத்துக்கிறேன். ஆனா பக்கத்து ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊருக்கு வேலைக்குப் போறவருக்கு கன்டினியூட்டி மட்டும் போதாது. மூச்சுத் திணறி வர்றவருக்கு டியூப் போடவும் தெரியணும்.

நடுவாசல்: அதுக்குத்தான் ரூரல் டிராக். பழைய மாதிரியில் முதல் வருஷம் நகர ஆஸ்பத்திரி, அடுத்த ரெண்டு வருஷம் சின்ன ஊர். சிக்கல், ஆள் எண்ணிக்கை. வருஷத்துக்கு ரெண்டே பேர்னா ஒருத்தர் பிரசவ விடுப்பில் போனதும் அடுத்தவருக்கு ஆன்-கால் டூட்டி இரட்டிப்பாகும். பதில் ஆள் ஏற்பாடு உண்டான்னு எழுத்தில் கேளுங்க.

விசா பத்தி இங்கே நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஜே-1 பயிற்சி விசாவில் வந்தவருக்கான கான்ராட் 30 வெய்வர் (பயிற்சி முடிஞ்சு சொந்த நாட்டுக்குத் திரும்பணும்கிற நிபந்தனையிலிருந்து விலக்கு) ரெசிடென்சி முடிஞ்ச பிறகு வர்ற வேலைக்கு: மாநிலத்துக்கு வருஷம் 30 இடம், மூணு வருஷம், வாரம் 40 மணி நேரம். ஹெல்த் சென்டரில் பயிற்சி எடுத்த காலம் அதில் சேராது. ரெசிடென்சிக்கே எச்-1பி வேலை விசா வேணும்னா ஸ்டெப் 3 (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வோட கடைசிப் பகுதி) முதலிலேயே பாஸாகியிருக்கணும்.

கல்தூண்: 'எச்பிஎஸ்ஏ (டாக்டர் பற்றாக்குறை) பகுதியில் இருக்கோம்'னு சொல்றதிலும் மயங்காதீங்க. கூட்டரசு நிதி வாங்குற ஹெல்த் சென்டருக்கு அந்தத் தகுதி தானாவே வரும். 0லேர்ந்து 25 வரை உள்ள பற்றாக்குறை ஸ்கோர் எவ்வளவுன்னு கேளுங்க.

ஊர்க்குருவி: ஸ்கோரோட, கடைசி மூணு பேட்ச் எந்த ஊரில் வேலை பார்க்கிறாங்கன்னும் கேளுங்க. பாதிப் பேர் புறநகர் அர்ஜென்ட் கேரில் (வசதியான பகுதியில் உடனடிச் சிகிச்சை கிளினிக்) இருந்தா, கவுன்ட்டியோ கிளினிக்கோ, எனக்கு அந்த ப்ரோக்ராம் பட்டியலில் கீழேதான்.