பக்கத்தில் நின்றும் பேசிக்கொள்ள முடியாத வாக்கி டாக்கிகள்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

செம்பனைக்காரன்

வெள்ளம் வந்தால் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்கள் என்ன ஆகும் என்று இங்கே பலருக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் லயம். அந்தப் பக்கம் நிவாரண மையத்துக்குப் போகும் லோரி. படகோடு வந்தவர் ஓர் இலாகா, லோரியோடு நின்றவர் வேறு இலாகா. இரண்டு பேரிடமும் வாக்கி டாக்கி இருந்தது. படகில் பக்கத்து வீட்டுப் பாட்டி. மறுநாள் காலையில் அவருக்கு டயாலிசிஸ்.

படகுக்காரர் தன் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, லோரியை நிறுத்தச் சொன்னார். அந்த அறை இன்னோர் அறைக்குப் போன் போட வேண்டும், அவர்கள் லோரிக்காரருக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். ஜென்செட் இரைச்சலில் நாங்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாட்டி குடையை மடக்கிக்கொண்டு இறங்கத் தயாராக எழுந்து நிற்கிறார், அவர் கண் முன்னாலேயே லோரி கிளம்பிப் போகிறது.

பிறகு வேறு வண்டி கிடைத்தது, பாட்டி நலம். எனக்குத்தான் ஆறவில்லை. அரசாங்க ரேடியோ எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வர வேண்டும். முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991, இப்போது எல்லாமே 999. நாம் கூப்பிடும் எண்ணை ஒன்றாக்கியவர்கள், உதவிக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் பேசும் வழியையும் ஒன்றாக்க வேண்டாமா?

டவர் வேலை

நான் ரேடியோ கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தவன். ஒரு மலை உச்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று இலாகாவுக்கு மூன்று கம்பம், மூன்று வேலி, மூன்று ஜென்செட். புயல் அடித்து மின்சாரம் போன இரவு, நடுவில் இருந்ததில் டீசல் தீர்ந்துவிட்டது. பக்கத்து வேலிக்குள் டின் டினாக டீசல் இருந்தது. ஆனால் அது வேறு இலாகாவின் டீசல், கையெழுத்துப் போட ஆள் இல்லை. நடுக் கம்பத்தை நம்பியிருந்தவர்களுக்கு விடியும்வரை ரேடியோ கிடையாது. அந்த வேலியை நான் இன்னும் மறக்கவில்லை.

அலைவரிசையும் இப்படித்தான் வீணானது. ஆளுக்கு ஒரு அலைவரிசை என்று பிரித்துக் கொடுத்தால் ஒருவருடையது சும்மா கிடக்கும், இன்னொருவருடையது நெரிசலில் திணறும். டெட்ரா என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் டிஜிட்டல் ரேடியோ முறை. அதில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நான்கு தடங்கள். பேச வேண்டியவர் பொத்தானை அழுத்தும்போது காலியாக இருக்கிற தடத்தைக் கணினி எடுத்துக் கொடுக்கும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் மற்றவர்களை ஒதுக்கிவிட்டு அவருக்கு வழி விடும். ஜிஐஆர்என் என்ற அரசாங்க ஒருங்கிணைந்த ரேடியோ வலையமைப்பு வந்ததே இதற்காகத்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், செம்பனைக்காரன் அண்ணே. ஒரே வலையமைப்பில் இருந்தாலும் இரண்டு இலாகாவும் வேறு வேறு பேச்சுக் குழுவில், அதாவது செட்டில் தேர்ந்தெடுக்கும் வேறு வேறு உரையாடல் வட்டத்தில் இருந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பொதுக் குழு ஒன்றை முன்கூட்டியே எல்லார் செட்டிலும் ஏற்றி வைக்க வேண்டும். உங்கள் பாலத்தில் இல்லாமல் போனது அதுவாகவும் இருக்கலாம்.

பழைய வொர்க்‌ஷாப்

தம்பி டவர் வேலை, கணினி தடம் கொடுக்கும் என்கிறீர்கள். சிக்னலே இல்லாத பள்ளத்தில் எதைக் கொடுக்கும்?

எங்கள் கடைசி டிவிஷனில் குலை வெட்டுகிறவர் மேல் மட்டை விழுந்தது. உதவிக்கு வந்தவர்களின் புது செட்டில் சத்தமே இல்லை. டிராக்டரில் இருந்த தோட்டத்துப் பழைய விஹெச்எஃப் செட்டில்தான் ஆபீஸைப் பிடித்தோம். விஹெச்எஃப் என்றால் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகிற அலை. அது புது செட்டுகளைப் போல 400 பக்கம் போவதைவிட இலைக்கும் மேட்டுக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செம்பனை வரிசைக்குள் வேலை செய்தவனுக்கு இது தெரியும். ஒன்றாக்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றாக்குகிறேன் என்று பழைய செட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் இருந்து வரைபடம் பார்க்கிறவருக்கு எங்கள் பள்ளம் தெரியாது.

டவர் வேலை

ஐயா சொல்லும் பள்ளம் உண்மை. அதற்குத்தான் டெட்ராவில் நேரடி முறை இருக்கிறது. கம்பமே இல்லாமல் செட்டுக்குச் செட் பேசலாம். தூரம் குறைவு, ஆனால் பாலத்தின் இரண்டு கரைக்குத் தாராளமாகப் போதும். தலைமை நிலையத்தோடு தொடர்பு அறுந்தாலும் ஒரு கம்பம் தன் எல்லைக்குள் தனியாக வேலை செய்யும்படி அமைக்க முடியும். எல்லாம் ஒன்றானால் எல்லாம் ஒன்றாக விழும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஒரே நிர்வாகம் என்றால் ஒரே கம்பம் என்று அர்த்தம் இல்லை.

இரவு ஷிப்ட்

நான் எம்புலன்ஸில் போகிற தாதி. தோட்டத்து கேட்டில் வாட்ச்மேன் கையில் வாக்கி டாக்கி, எங்கள் வண்டியில் எங்கள் ரேடியோ. நோயாளி எந்த பிளாக்கில் என்று அவருக்கு உள்ளே இருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வண்டிக்கு முன்னால் மோட்டாரில் ஓடி வழி காட்டினார். அன்று மழை.

அதனால் எல்லாரும் இதைக் கவனியுங்கள். 999-க்கு அழைத்தால் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், பிளாக் எண், எந்த கேட், பக்கத்தில் கோயிலா ஆலையா, எல்லாம் சொல்லுங்கள். டோர்ச்லைட்டோடு ஓர் ஆளை முச்சந்தியில் நிறுத்துங்கள். அழைத்த போனை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், திரும்ப அழைப்பார்கள். இன்னொன்று, ஆன்லைனில் மலிவாக வாக்கி டாக்கி வாங்கிக் கண்ட அலைவரிசையில் பேசுகிறார்கள். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி ஒதுக்கீடு இல்லாத அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். பொதுமக்களுக்கென்று 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சேனல்கள் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு வேண்டுமானால் முத்திரை உள்ள செட்டாகப் பார்த்து அதில் பேசுங்கள். இலாகாக்களின் அலையில் போய் விழுந்து பேசினால் அங்கே ஓர் உயிர் காத்திருக்கலாம்.

பழைய வொர்க்‌ஷாப்

அந்த வாட்ச்மேனைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம், தங்கச்சி. சட்டத்தை எல்லாரும் சொல்கிறார்கள்.

செம்பனைக்காரன்

டவர் வேலை சொன்ன பொதுக் குழு விஷயம் எனக்குப் புதிது. அதைப் பிடித்துக்கொள்கிறேன். தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் ஆணை 1997-லேயே பேரிடர் நிர்வாகத்தை மாவட்டம், மாநிலம், நாடு என்று பிரித்துவிட்டது. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. அப்படியென்றால் கேட்க வேண்டிய ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா இலாகாவின் செட்டிலும் ஒரு பொதுக் குழு ஏற்றப்பட்டிருக்கிறதா, எங்கள் பாலத்தில் நின்று சோதித்துப் பார்த்தார்களா, ஐயா சொன்ன பள்ளத்தில் நேரடி முறை பிடிக்கிறதா என்று மூன்று கேள்வி எழுதி லயத்தில் கையெழுத்து வாங்கப் போகிறேன். முதல் கையெழுத்துப் பாட்டியுடையது. குவாலா சிலாங்கூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா?