மலேசியாவ விட்டு மொத்தமா ஊருக்குத் திரும்பறேன், கவர்மெண்ட் உதவி நெசமாவே கிடைக்குதா?

வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்பாட்டுக் கடைல வேலை, பெர்மிட் முடியப்போகுது, முதலாளி இனி ரினியூ இல்லைன்னுட்டார். ஊர் சிவகங்கை பக்கம். நம்ம பெர்மிட்ல குடும்பத்தக் கூட்டிட்டு வர முடியாதுல்ல, வீட்டுக்காரிதான் அங்க பிள்ளைங்களோட எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா. ஊர்ல டிபன் கடை போடலாம்னு இருக்கேன், திரும்பிப் போறவங்களுக்குக் கடன் ஏதாச்சும் உண்டா?

செந்தூல்காரன்:
தம்பி, ஊர் கடன் அப்புறம், மொதல்ல இங்க உள்ள காச வாங்கு. 2025 அக்டோபர் சம்பளத்துல இருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இபிஎஃப் (நம்ம ஊர் பி.எஃப் மாதிரி சேமிப்பு) கட்டாயம், உன்கிட்ட 2%, முதலாளி 2%. 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம்னா மாசம் 68 வெள்ளி சேரும், நாட்ட விட்டுக் கிளம்பறப்ப எடுத்துக்கலாம். சம்பளத்துல பிடிச்சாங்களா, பிடிச்சத கட்டினாங்களான்னு ரெண்டையும் பாரு. வேலைல அடிபட்டிருந்தா அதுக்கான காப்பீடு, சொக்சோவும் 2019ல இருந்து நமக்கு உண்டு. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருந்தா கேட்டு வாங்கு, அவர் வச்சிருக்கிறதே சட்டப்படி தப்பு.

பட்டர்வொர்த் மணி:
கொரோனால வேலை போய்த் திரும்பினவங்களுக்கு மானியத்தோட கடன்னு 2021ல தமிழ்நாட்டுல அறிவிச்சாங்க. உனக்கு இப்ப என்ன இருக்குன்னு அயலகத் தமிழர் நலத்துறைல நேராக் கேளு. கேரளால நோர்கா (வெளிநாடு போன மலையாளிகளுக்கான அரசு அமைப்பு) மூலமா 30 லட்சம் வரைக்கும் தொழிலுக்கு 15% மானியம், அதிகபட்சம் 3 லட்சம், ஆனா ரெண்டு வருசமாவது வெளிநாட்டுல இருந்திருக்கணும். அதனால பழைய பாஸ்போர்ட், பெர்மிட் காப்பி எதையும் தூக்கிப் போட்டுறாத, எங்க போனாலும் அதத்தான் கேப்பாங்க. எனக்கு இதுல ஒரு கோவம், எல்லா திட்டமும் திரும்பி வர்ற ஆளுக்குத் தொழில் வச்சுக் குடுக்கறதோட நின்னுருது, அத்தன வருசம் வீட்டத் தாங்கின பொம்பளைய எவனும் கணக்குல எடுக்கறதே இல்ல.

பினாங்கு அக்கா:
மணி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எங்கப்பா நான் எட்டாவது படிக்கறப்ப இங்கிருந்து திரும்பினார். வந்த வாரமே அனுப்புன காசெல்லாம் எங்கன்னு கேட்டார், அம்மா ஒண்ணும் பேசாம சீட்டு நோட்டு, ஸ்கூல் பீஸ் ரசீது, நகை அடகு சீட்டு எல்லாத்தையும் தரைல பரப்பி வச்சாங்க. ஏஜென்டுக்குக் கட்டின கடனுக்கு வட்டி ஏறி அம்மா தாலிக்கொடி வரைக்கும் அடகுல இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தம்பி, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரிகிட்ட போன்ல உக்காந்து பேசு, எவ்வளவு கடன், எது அடகுல இருக்குன்னு. இபிஎஃப் காசுல மொத அத மீட்டுரு. கடைக்குக் கடன் வாங்கினா ரெண்டு பேரையும் சேர்த்துப் போடு, இத்தன நாள் பேங்குக்கு நடந்தது அவங்கதான், மேனேஜருக்கு அவங்க முகம்தான் தெரியும்.