விமானி வேலை நிலையில்லாதபோது மாற்று ஏற்பாடு என்ன?

கேள்வி:
எட்டு ஆண்டுகளாகத் துணை விமானியாக இருக்கிறேன். 2020-இல் ஊதியமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டபோதுதான், என் உரிமத்துக்கு வேறெங்கும் மதிப்பில்லை என்பது உறைத்தது. பறந்துகொண்டே வேறு எதற்குத் தயாராகலாம்?

பதில் 1:
சிமுலேட்டரில் (விமானம் ஓட்டத் தரையிலேயே பழக்கும் கருவியில்) பயிற்றுநர் ஆகுங்கள் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் விமானங்கள் தரையில் நிற்கும் காலத்தில் பயிற்சி மையங்களும் ஆட்களைக் குறைக்கும் என்பதால், அதை மட்டும் நம்புவது ஒரே கிளையில் இரண்டு ஊஞ்சல் கட்டுவது போன்றது. பாதுகாப்புத் தணிக்கையும் இடர் மேலாண்மையும் மருத்துவமனைகளுக்கும் தேவைப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குகளுக்கென வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலுக்கு நம் விமானி அறையின் பழக்கமே முன்மாதிரி.

பதில் 2:
சரக்கு விமானங்களை மறக்க வேண்டாம். அதே 2020-இல் பயணிகளின் இருக்கைகளில் பெட்டிகளை வைத்து, வலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பறந்தோம்.

பதில் 3:
என்னைப் பறக்கவிடாமல் தரையிறக்கியது நிறுவனம் அல்ல, காதுக் கோளாறு. உரிம இழப்புக் காப்பீடு பொதுவாக உடல்நலக் காரணத்துக்கே தொகை தரும், ஆள்குறைப்புக்குத் தராது. ஆகவே ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, பிறகு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தணிக்கைப் படிப்பிலிருந்து தொடங்குகிறேன். காப்பீட்டுப் பத்திரத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.